‘நாட் டிடெக்டட்’னு வந்தா உடனே ஸ்வீட் வாங்காதீங்க! | எச்.ஐ.வி. 1, 2 வைரல் லோட்

வணக்கம் மக்களே! கிருஷ்ணகிரியில இருந்துதான். பைபாஸ் லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க, ஜன்னலைச் சாத்துனா வேகுது.

இந்த வாரம் பூரா ஒரே ரீலை ஆளாளுக்கு அனுப்புறீங்க. ஒருத்தர் ரிப்போர்ட்டைக் காட்டி, “ஏ.ஆர்.டி. மாத்திரையே போடல, கஷாயம்தான், வைரல் லோட் ஜீரோ”ங்கிறாரு. ஏ.ஆர்.டி.ன்னா எச்.ஐ.வி.யை அடக்குற மாத்திரை; வைரல் லோட்னா ரத்தத்துல எவ்வளவு வைரஸ் இருக்குங்கிற எண்ணிக்கை. கீழ பூரா கைதட்டல். கஷாய வீடியோன்னாலே எனக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். ஆனா அந்த ரிப்போர்ட்டை நிறுத்திப் பெருசாக்கிப் பாருங்க. தலைப்புல ‘எச்.ஐ.வி.-1 ஆர்.என்.ஏ.’ன்னு இருக்கு, அதாவது டைப் ஒண்ணு வைரஸோட மரபணு. அதே ஆளு பேச்சோட பேச்சா, நம்பிக்கை மையத்துல (எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிற அரசு மையம்) தனக்கு ‘டைப் டூ’ன்னு சொன்னாங்கங்கிறாரு. முடிஞ்சது போங்க!

எச்.ஐ.வி.-1 (டைப் ஒண்ணு), எச்.ஐ.வி.-2 (டைப் ரெண்டு), இது வேற வேற வைரஸ். வழக்கமான வைரல் லோட் மெஷின், டைப் ஒண்ணோட மரபணு வரிசையைத்தான் தேடும். டைப் ரெண்டு இருந்தாலும் அதோட கண்ணுக்குப் படாது. மாங்கா மண்டியில போய் புளி இருக்கான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க, அதுக்காக ஊர்லயே புளி இல்லைன்னு ஆயிடுமா?

இதுல எனக்கு எரியறது காசுதான். தனியார் லேப்ல ஆயிரக்கணக்குல வாங்கிக்கிறாங்க. அதை எந்த டைப்புன்னு ஒரு வார்த்தை கேட்காமலே வாங்கிக்கிறாங்களே! ஓசூர் போக வர பஸ் சார்ஜ், ஒரு நாள் கூலி போச்சு, எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்க. கைக்கு வந்தது அர்த்தமே இல்லாத ஒரு பேப்பர். அதைப் பிரேம் போடாத குறையா ரீல் வேற! ஏ.ஆர்.டி. மையத்துல டைப் ஒண்ணு இருக்கிறவங்களுக்கு இதே டெஸ்ட் இலவசம்ங்க, இலவசம்.

சரி, விஷயத்துக்கு வரேன். டைப் ஒண்ணு தொத்துன முதல் சில வாரத்துல வைரல் லோட் மில்லிக்குப் பத்து லட்சம் வைரஸ் காப்பியைத் தாண்டலாம். அப்புறம் இறங்கி, மாத்திரை இல்லாதவங்களுக்குப் பெரும்பாலும் ஆயிரங்கள்ல இருந்து லட்சம் வரைக்கும் நிக்கும். டைப் ரெண்டுல சராசரியா முப்பது மடங்கு வரைக்கும் கம்மி. சரியான டெஸ்ட்டே பண்ணாலும், மாத்திரை போடாத பலருக்கு ஒண்ணுமே தெரியாது. பரவுறதும், நோய் முத்துறதும் மெதுவு. ஆனா செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வைரஸ் டி.என்.ஏ. ரெண்டு டைப்புலயும் ஏறக்குறைய ஒரே அளவு. டைப் ரெண்டுலயும் சி.டி.4, அதாவது நோய் எதிர்ப்பு செல் எண்ணிக்கை, சத்தமில்லாம இறங்கும், எய்ட்ஸ் வரைக்கும் போகும். டைப் ரெண்டுல லோட் கண்ணுல பட ஆரம்பிச்சாலே அது நல்ல சகுனம் இல்ல.

அட, முக்கியமானதை விட்டுட்டேன், பின்னாடி போறேன். நம்பிக்கை மையத்து ரேபிட் கிட்ல டைப் ஒண்ணுக்கான கோடு, டைப் ரெண்டுக்கான கோடு, ரெண்டும் விழுந்தா ரெண்டு வைரஸும் இருக்குன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. டைப் ஒண்ணை எதிர்க்க உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடி, டைப் ரெண்டோட கோட்டுலயும் போய் ஒட்டும். அதனாலதான் ரெஃபரல் லேபுக்கு ரத்தம் அனுப்பி உறுதி பண்றாங்க. நிஜமாவே ரெண்டும் இருந்தா, வைரல் லோட் ரிப்போர்ட் டைப் ஒண்ணோட கணக்கை மட்டும்தான் சொல்லும்.

மருந்துல எந்த டைப்புங்கிறது பெரிய விஷயம். நெவிரபின், எஃபாவிரென்ஸ்ங்கிற எச்.ஐ.வி. மருந்துங்க டைப் டூகிட்ட வேலைக்கே ஆகாது. இப்போ தர்ற டி.எல்.டி. மாத்திரை, அதாவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், ரெண்டு டைப்புக்கும் கேட்கும். அதனால லோட் கம்மின்னு மாத்திரையைத் தள்ளிப் போடாதீங்க.

டைப் ஒண்ணுன்னா மாத்திரை ஆரம்பிச்ச ஆறாவது மாசம், பன்னெண்டாவது மாசம், அப்புறம் வருஷா வருஷம் வைரல் லோட். ஆயிரத்தைத் தாண்டுனா முதல்ல மாத்திரை விட்டுப்போகுதான்னு பார்த்து, கவுன்சலிங் கொடுத்து, மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுப்பாங்க. டைப் ரெண்டுன்னா ஆறு மாசத்துக்கு ஒரு சி.டி.4, எடை, இருமல் காய்ச்சல் விசாரணை, இதுதான் அளவுகோல்.

ஆங், இன்னொண்ணு. வைரல் லோட் 400 இருந்தது 700 ஆயிடுச்சுன்னு பதறி மெசேஜ் போடுறீங்க. மூணு மடங்குக்குள்ள ஏறி இறங்குறதை மெஷினோட ஆட்டம்னே வெச்சுக்கலாம். ஆனா மாத்திரை போட்டும் அது எதனால குறையலன்னு உங்க ஏ.ஆர்.டி. டாக்டர்கிட்ட கேளுங்க. ரத்தம் ஊதா மூடி இ.டி.டி.ஏ. ட்யூப்ல எடுத்து, நேரத்துக்குள்ள பிளாஸ்மா பிரிக்கணும். வெயில்ல பைக் பாக்ஸ்ல சுத்துன ட்யூப்ல ஆர்.என்.ஏ. சிதைஞ்சு நம்பர் பொய்யாக் குறைஞ்சுடும்.

ரிப்போர்ட்டைக் கமென்ட்ல போடாதீங்க, பேரு தெரியும். சந்தேகம்னா எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அடிங்க, காசு கிடையாது.