வெள்ளித்தாள் வேண்டாம் என்றேன்: மாடி அறைச் சுவருக்கு ஒரே ரோல் போதும் மக்களே!

வணக்கம் மக்களே. மாடி அறையின் ஜிஐ சட்டம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், நின்றதைப் போன வீடியோவில் பார்த்தீர்கள். அடுத்து சிமென்ட் போர்டு அடிக்கப்போகிறோம் என்று சொல்லியிருந்தேன். அடிக்கவில்லை. பத்து நாள் வேலையை நிறுத்தி வைத்துவிட்டேன். காரணம் இதோ, இந்த வெள்ளை ரோல். 1.5 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம், விலை 7,800 ரூபாய். வால் ராப் என்கிறார்கள். சட்டத்தின் மேல் இதைச் சுற்றி, அதற்கு வெளியே போர்டு அடிக்க வேண்டும். போர்டு இணைப்பு வழியாகத் தண்ணீர் புகுந்தாலும் இதன் மேல் வழிந்து கீழே இறங்கிவிடும்.

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் மேற்குச் சுவரில் மழை பக்கவாட்டில் வந்து அறைந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகப் புகுந்து அம்மா படுத்திருந்த பாய் நனைந்துவிட்டது. அன்றிலிருந்து சுவர் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நாகர்கோவிலில் ஒரு கடையில் முதலில் எடுத்துப் போட்டது வெள்ளித்தாள். பளபளவென்று, நடுவில் குமிழ் குமிழாக. "எல்லா ஸ்டாண்டர்டும் பாஸ் ஆனது" என்றார் கடைக்காரர். எந்த ஸ்டாண்டர்ட் அண்ணே என்று கேட்டேன். ஒரு பக்கத் தாளை நீட்டினார். அதில் சோதனை எண் இல்லை, லேப் பெயர் இல்லை, தேதி இல்லை. ஒரு முத்திரை மட்டும் இருந்தது. எனக்கு வந்ததே கோபம்! ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறவர்கள் எதற்குப் பாஸ், எங்கே பாஸ் என்று சொல்ல வேண்டாமா?

அன்று இரவு மெல்பர்னில் இருக்கும் அத்தானைக் கூப்பிட்டேன். அவர் கட்டுமான வேலையில்தான் இருக்கிறார். அங்கே ஏஎஸ் 4200.1 என்ற ஆஸ்திரேலியத் தரம் இருக்கிறது. ஈர ஆவியை எவ்வளவு விடுகிறது என்பதைப் பார்த்துத் தாளை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். 1 என்றால் ஆவியை அடைத்துவிடும். 4 என்றால் நன்றாக மூச்சு விடும். அவர்கள் ஊர்களைத் தட்பவெப்பப்படி மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் மெல்பர்ன் மண்டலம் 6. அங்கே 2022 கட்டட விதித்தொகுப்புப்படி வெளிச்சுவர்த் தாள் 4ஆம் வகுப்பாகத்தான் இருக்க வேண்டும். சிட்னியின் கடலோரம் மண்டலம் 5, அங்கே 3 போதும். டார்வின் நகரத்துக்கு, அதாவது நம்மைப் போலப் புழுங்கும் மண்டலம் 1க்கு, அந்தக் கட்டாயமே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே ரோல் ஓர் ஊரில் விதிக்குப் பொருந்தும், இன்னோர் ஊரில் பொருந்தாது. வெறுமனே "பாஸ்" என்று சொன்னால் அதில் ஒன்றுமே இல்லை.

சரி, நமக்கு எது? அது ஏசியைப் பொறுத்தது மக்களே. குளிர்நாட்டில் வீட்டுக்குள் இருக்கும் ஈரம் வெளியே போகப் பார்க்கும். இங்கே ஏசி போட்டால் வெளிப்புழுக்கம் உள்ளே வரப் பார்க்கும். குளிர்ந்த உள்போர்டின் பின்பக்கம் போய் வியர்க்கும், பூஞ்சை பிடிக்கும். அப்படிப்பட்ட அறைக்கு வெளிப்பக்கத்தில் ஆவியை அதிகம் விடாத தாள்தான் நல்லது. நான் ஏசி போடுவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். நான்கு பக்கமும் ஜன்னல். பத்மநாபபுரம் அரண்மனையில் மரச்சட்ட இடுக்கு வழியாகக் காற்று வருகிறதே, அங்கே நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதனால் எனக்கு மூச்சு விடும் தாள். உள்ளே போன ஈரம் காய்ந்து வெளியேற வேண்டும்.

வெள்ளித்தாள் வெயிலைத் தடுக்குமே என்பீர்கள். தடுக்கும். ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டராவது காற்று இடைவெளி வேண்டும். போர்டோடு ஒட்டி அடித்தால் அந்தப் பளபளப்பால் ஒரு பயனும் இல்லை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சோதித்தேன். சில்வர் டம்ளரில் கொதித்த தண்ணீர், வாயில் தாளை இழுத்து ரப்பர் பேண்ட், அதன் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பால்போல வெளுத்தது, அப்புறம் சின்னச் சின்னத் துளிகள். வெள்ளித்தாளில் கண்ணாடி அப்படியே தெளிவாக நின்றது. பிறகு வெள்ளைத்தாளின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். முத்து முத்தாக உருண்டது, அடிப்பக்கம் தொட்டால் காய்ந்து இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்!

இனிமேல்தான் என் வெற்றி. ஃபிட்டர் அண்ணன் இரண்டு ரோல் கேட்டார். அறை 16க்கு 12 அடி. சுற்றளவு 56 அடி, அதாவது 17.07 மீட்டர். உயரம் 10 அடி. ஒரு வரிசைக்கு மேல் அடுத்தது 150 மில்லிமீட்டர் ஏற வேண்டும், மேல் தாள் கீழ்த் தாளுக்கு வெளியே வர வேண்டும். அப்படி இரண்டு சுற்று சுற்றினால் 2.85 மீட்டர் உயரம். மிச்சம் 20 சென்டிமீட்டர்! அதற்காக மூன்றாவது முழுச் சுற்றா? சுற்றினால் 51 மீட்டர், ரோல் பற்றாது, அதனால்தான் இரண்டு கேட்டிருக்கிறார். நான் நாலரை மீட்டர் தாளை நீளவாக்கில் நான்காகக் கிழித்துக்கொள்ளலாம் என்றேன். ஒவ்வொன்றும் 37.5 சென்டிமீட்டர். மேலே ஏறும் 15 போனாலும் 22.5 கிடைக்கும். மொத்தம் கிட்டத்தட்ட 39 மீட்டர். அண்ணன் டேப்பை எடுத்து அளந்தார், திரும்ப அளந்தார், "சரிதான்" என்றார். 7,800 ரூபாய் மிச்சம் மக்களே!

 

ஆங், முக்கியமானதை விட்டுவிட்டேன். தீ. இந்தச் சுவருக்குள்தான் வயர் ஓடுகிறது. அத்தான் சொன்ன தரத்தில் ஏஎஸ் 1530.2 சோதனைப்படி எரிதிறன் எண் 5க்கு மேல் போகக் கூடாது. இந்த ரோலின் ரிப்போர்ட்டில் சோதனை எண்ணும் இருக்கிறது, லேப் பெயரும் தேதியும் இருக்கின்றன. இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், நிறுத்திப் படித்துக்கொள்ளுங்கள். கீழே தாள் எத்தனை நாள் வெயிலில் கிடக்கலாம் என்ற கணக்கும் போட்டிருக்கிறார்கள், 60 நாளுக்குள் போர்டால் மூடிவிட வேண்டும்.

நாளைக்குக் காலையில் மேற்குப் பக்கம்தான் முதலில். மழை அங்கிருந்துதான் வரும்.