அந்தக் கை எதன் மேல் இருக்கிறது?

வணக்கம். மேடையில் பித்தளைச் சொம்பு எதற்கு என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டது என் காதில் விழுந்தது. அதற்கு வருகிறேன். முதலில் தஞ்சாவூருக்குப் போய்விட்டு வருவோம்.

அங்கே அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011இல், முதலாம் இராசராசன் காலத்தில் வார்த்த செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகை மாதிரி சுருட்டிக்கொண்டு, காலை மாற்றிப் போட்டு, கொஞ்சம் ஒய்யாரமாகவே நிற்கிறார். ஒரு கை மட்டும் மடங்கி அந்தரத்தில் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது அது ஏதோ முத்திரை என்று நினைத்துக்கொண்டு, கூட வந்தவருக்கு விளக்கம் வேறு சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பெயரிலேயே ரிஷபம் இருக்கிறதே, அந்தக் காளை எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

காளை கிடைக்கவில்லை. கை அதன் மேல்தான் இருந்தது. இது தெரிந்தபிறகு போய்ப் பாருங்கள், முழு உருவமும் மாறிவிடும். இடுப்பு ஏன் அப்படி வளைந்திருக்கிறது, கால் ஏன் அவ்வளவு லேசாகத் தரையைத் தொடுகிறது? மாட்டின் மேல் சாய்ந்து நிற்கிற மனுஷனுடைய உடம்பு அது. வயல் வரப்பில் பார்த்திருப்பீர்கள்.

இப்படி ஒரு காளை மட்டும் தொலைந்தால் சமாளிக்கலாம். கூடத்துக்கு வந்த உற்சவத் திருமேனி ஒவ்வொன்றும் ஒரு தெருவையே தொலைத்துவிட்டு வந்திருக்கிறது. பீடத்தைக் குனிந்து பாருங்கள். பலவற்றில் துளையோ வளையமோ இருக்கும். கழி செருகித் தூக்கவும், கட்டி நிறுத்தவும் வைத்தது. புறப்பாட்டில் பட்டும் மாலையும் சாத்தியபிறகு சிற்பி செதுக்கிய உடம்பில் முக்கால்வாசி வெளியே தெரியாது. தீவட்டி வெளிச்சம் ஆட, தோள்கள் ஆட, முகமும் கையும்தான் ஜனங்களுக்குக் கிடைக்கும். ஆனாலும் முதுகைக்கூட ஒப்புக்கு விட்டுவைக்காமல் முடித்திருக்கிறார்கள். சிலவற்றில் மூக்கும் கண்ணும் மழுங்கிப்போயிருக்கும். சேதம் என்று குறித்துவிட்டுப் போவார்கள். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து துடைத்துத் துடைத்துத் தேய்ந்தது அது. எல்லாவற்றையும் கோயிலுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. களவு பயம் யாருக்கும் தெரிந்ததுதான்.

சரி, சொம்பு. 1958இல் இந்திய அரசுக்காக அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள், சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தொடங்கியதற்கு அந்த அறிக்கைதான் வித்து. நாடெல்லாம் சுற்றிவிட்டு அவர்கள் வியந்து நின்றது லோட்டாவிடம், அதாவது நம் சொம்பிடம். நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், தலையிலா இடுப்பிலா எதில் தூக்குவார்கள், கல்லில் வைத்தால் என்ன சத்தம் வரும் என்று கேள்வியாக அடுக்கியிருக்கிறார்கள். நம் வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

இதோ, இந்தக் கழுத்து. கிணற்றுக் கயிற்றின் சுருக்கு நழுவாமல் உட்கார்வது இங்கேதான். தூக்கிக்கொண்டு நடந்தால் தண்ணீர் தளும்பாததும் இந்தக் குறுகலால்தான். விளிம்பு வெளியே மடிந்திருப்பதால் அண்ணாந்து குடிக்கும்போது தண்ணீர் ஒரே தாரையாக விழும். வாய் எவ்வளவு அகலம் தெரியுமா? புளி போட்டுத் துலக்க ஒரு கை உள்ளே போகிற அளவு. என் கை போகாது, என் மனைவியின் கை போகிறது. செய்தவர் யார் கையை அளவாக வைத்துக்கொண்டார் என்று இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. அடி உருண்டை. மேசை மேல் ஆடுகிறது பாருங்கள், ஒலிபெருக்கிக்காரர் பயந்தே போனார். மண்தரையில் வைத்தால் அசையாது.

வயிற்றில் புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கிறது. சீராக வந்ததாக இருக்கும். விசேஷ வீட்டுக்கு இரவல் போனாலும் திரும்பி வரவேண்டும் அல்லவா! நான் இதை வாங்கியது பழைய பாத்திரக் கடையில், எடைக்கு.

இப்போது முன்வரிசைக்குக் கொடுக்கிறேன், அப்படியே பின்னால் அனுப்புங்கள். விளிம்பைப் பிடிக்காமல் கழுத்தைப் பிடியுங்கள். அடியில் ஓட்டை விழுந்து பற்றவைத்த இடம் ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டும்.