ராக்கெட் போன பிறகும் நிற்கும் தளம்

(சூலூர்பேட்டையில் நடந்த தமிழ் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், பள்ளியிலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். தடாவிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் ரயில் பிடித்து வந்திருக்கிறீர்கள். தெலுங்கு பேசும் நண்பர்களும் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகவே பேசுகிறேன்.

இந்த ஊரில் ராக்கெட்டைப் பற்றிப் பேச யாரும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ராக்கெட் விடுகிற நாளில் மொட்டை மாடி ஏறாத வீடு இங்கே கிடையாது. சந்திரயான் எப்போது போனது, மங்கள்யான் எப்போது போனது என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை தேதியோடு சொல்லும். ஆனால் அது எந்தத் தளத்திலிருந்து போனது என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே யோசிப்பார்கள். கட்டுமானத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இது நெடுநாளாக இருக்கும் ஆதங்கம். ராக்கெட் சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. முப்பது, நாற்பது வருஷம் உப்புக் காற்றில் நின்று, ஒவ்வொரு முறையும் நெருப்பை வாங்கிக்கொண்டு, அடுத்த ராக்கெட்டுக்காக மறுபடி தயாராகும் தளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் நம் தீவிலிருந்து தொடங்குவோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது 1971 அக்டோபர் 9. ரோகிணி-125 என்ற சிறிய ஆய்வு ராக்கெட் அது. செயற்கைக்கோளைச் சுமக்கும் ராக்கெட்டுக்கென்று கட்டிய தளம் அதற்குப் பின்னால் வந்தது. எஸ்எல்வி-3 ராக்கெட்டின் உயரம் 22 மீட்டர், எடை 17 டன். 1979 ஆகஸ்ட் 10 அன்று அது கிளம்பி, ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலே பறந்து, வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமின் அன்றைய மனநிலையை நாம் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். நான் சேர்த்துக்கொள்ள விரும்புவது ஒன்றுதான். ராக்கெட் கடலுக்குள் போனது, தளம் கரையில் அப்படியே நின்றது. 1980 ஜூலை 18 அன்று அதே இடத்திலிருந்து கிளம்பிய அடுத்த எஸ்எல்வி-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. பதினோரு மாதத்தில் ராக்கெட் புதிதாக வந்தது. கீழே இருந்த காங்கிரீட்டும், கேபிள்களும், அதைப் பராமரித்த கைகளும் பழையவை.

எஸ்எல்வி-3 நான்கு முறை பறந்து ஓய்ந்தது. தளம் ஓயவில்லை. பக்கத்தில் இரண்டு துணை மோட்டார்களைக் கட்டிக்கொண்டு, 40 டன் எடையோடு ஏஎஸ்எல்வி வந்து நின்றது அங்கேதான். 1987-இல் தோல்வி, 1988-இல் தோல்வி, 1992 மே 20-இல் வெற்றி, 1994 மே 4-இல் மீண்டும் வெற்றி. அத்தோடு அந்தத் தளத்திலிருந்து செயற்கைக்கோள் ஏவுவது நின்றது. அதே 1994-இல், அக்டோபர் 15 அன்று, அதே தீவில் கட்டியிருந்த இன்னொரு தளத்திலிருந்து பிஎஸ்எல்வி முதல் வெற்றியைப் பெற்றது. ஒரு தலைமுறை விடைபெற்ற வருஷத்திலேயே அடுத்த தலைமுறை காலூன்றியது. இந்த ஒற்றுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இப்போது நாம் 'முதல் ஏவுதளம்' என்று சொல்வது அந்த பிஎஸ்எல்வி தளத்தைத்தான். வரிசையில் அது முதலாவது இல்லை என்பதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே ராக்கெட்டை நிற்கும் இடத்திலேயே அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். அதைச் சுற்றி நிற்கும் கோபுரம் 70 மீட்டருக்கும் மேல் உயரம், சுமார் 3000 டன் எடை. ஏவுவதற்கு முன்னால் அந்தக் கோபுரமே தண்டவாளத்தில் பின்னோக்கி நகரும். நம் ஊர்த் திருவிழாவில் தேர் நகரும், தேர்நிலை அப்படியே நிற்கும். இங்கே தேர் நிற்க, தேர்நிலை விலகிப் போகிறது. 2005 மே 5 முதல் பயன்பாட்டுக்கு வந்த இரண்டாவது ஏவுதளத்தில் முறையே வேறு. அங்கே ராக்கெட்டைத் தனிக் கட்டடத்துக்குள் கட்டி முடித்து, ஒரு பீடத்தின் மேல் நிறுத்தி, தண்டவாளத்தில் தளத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒரு ராக்கெட் தளத்தில் நிற்கும்போதே அடுத்ததற்கான வேலையைத் தொடங்கலாம்.

பிஎஸ்எல்விக்குக் கட்டிய கோபுரத்துக்குள் 2001-இல் ஜிஎஸ்எல்வி வந்து நின்றது. 49 மீட்டர் உயரம், 400 டன் எடை. அதன் உச்சியில் கிரயோஜெனிக் எஞ்சின். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்கவேண்டும். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில். எஸ்எல்வி-3 முழுக்கத் திட எரிபொருளில் ஓடியது. தளத்தில் வைத்து அதற்கு எரிபொருள் நிரப்பும் வேலையே இல்லை. பிஎஸ்எல்வி வந்தபோது திரவ எரிபொருள் குழாய்கள் வந்தன. ஜிஎஸ்எல்வி வந்தபோது உறைகுளிர் குழாய்கள் சேர்ந்தன. ஒவ்வொரு தலைமுறையும் தளத்தின் மேல் ஒரு அடுக்கைச் சேர்த்துவிட்டுப் போனது. பழைய குழாயை அறுக்காமல் புதிய குழாய்க்கு வழி கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று இங்கே இருக்கும் பிட்டர்களுக்கும் வெல்டர்களுக்கும் நான் சொல்லவேண்டியதில்லை.

2001 மார்ச் 28. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜிஎஸ்எல்வியின் முதல் பயணம். கவுண்ட்டவுன் முடியும் தறுவாயில் பக்கவாட்டில் இருக்கும் நான்கு திரவ எஞ்சின்கள் பற்றவைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று போதிய உந்துவிசையைத் தரவில்லை. நடுவில் இருக்கும் பெரிய திட மோட்டாரைப் பற்றவைத்துவிட்டால் பிறகு நிறுத்தவே முடியாது. அதைப் பற்றவைக்க ஒரே ஒரு நொடி இருக்கும்போது கணினி எல்லாவற்றையும் நிறுத்தியது. எஞ்சின் பக்கம் எரிந்த தீயைத் தொலைக்காட்சியில் பார்த்த எல்லோரும் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

முடியவில்லை. நானூறு டன் ராக்கெட் நச்சு எரிபொருளோடு தளத்தின் மேலேயே நின்றது. மேலே ஏற்றிவிடுவது தளத்தின் ஒரு வேலை. ஏறாத ராக்கெட்டைப் பத்திரமாகத் தாங்கி, மனிதர்கள் அதன் அருகே போவதற்கு வழிசெய்து கொடுப்பது இன்னொரு வேலை. அதற்குப் பிறகு அங்கே உள்ளே போனவர்களின் பெயர்கள் நாளிதழ்களில் வந்ததில்லை. எரிபொருளை இறக்கினார்கள், பழுதான பகுதியை மாற்றினார்கள். ஏப்ரல் 18 அன்று, அதே தளத்திலிருந்து, அதே ராக்கெட் கிளம்பியது. மூன்று வாரம்! இந்தியாவின் விண்வெளி வரலாற்றில் எனக்கு மிகவும் பெருமை தரும் மூன்று வாரம் அது.

அதே தளத்திலிருந்துதான் 2013 நவம்பர் 5-இல் மங்கள்யான் போனது. 2017 பிப்ரவரி 15-இல் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் போயின. 2022-இல் 120 டன் எடையுள்ள சிறிய எஸ்எஸ்எல்வி முதன்முறையாக அங்கிருந்துதான் கிளம்பியது. 2023 அக்டோபர் 21-இல் ககன்யான் வீரர்களை ஆபத்தில் காப்பாற்றும் அமைப்பின் சோதனை நடந்ததும் அங்கேதான். அன்று காலை ஐந்து நொடி இருக்கும்போது கணினி நிறுத்தியது, பத்து மணிக்கு மறுபடி ஏவினார்கள். 2024 டிசம்பர் 30-இல் போன பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் பெரும்பகுதியைப் புதிய கட்டடம் ஒன்றில் கட்டி, முதல் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது தளத்திடமிருந்து மூத்த தளம் கற்றுக்கொண்ட பாடம் என்று இதைச் சொல்வேன்.

புதிய ராக்கெட்டுக்குப் புதிய இடமே தேடக்கூடாதா என்று ஒரு தம்பி வரும் வழியில் கேட்டார். நல்ல கேள்வி. கிழக்கே திறந்த கடல் வேண்டும். பூமி சுழலும் வேகம் நம் தீவில் நொடிக்கு சுமார் 450 மீட்டர். கிழக்கு நோக்கி ஏவினால் அது இலவசமாகக் கிடைக்கிறது. சுற்றிலும் ஆள் நடமாட்டமில்லாத நிலம் வேண்டும். எரிபொருள் ஆலை, ரேடார், கட்டுப்பாட்டு அறை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அப்படி ஓர் இடம் ஒரு நாட்டுக்கு ஒன்றிரண்டுதான் வாய்க்கும். வாய்த்த இடத்துக்கும் விலை உண்டு. அந்தத் தீவில் காலங்காலமாக வாழ்ந்த யானாதி மக்கள் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. ஏவுதள வரலாறு எழுதுகிறவர்கள் அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது குறையுள்ள வரலாறு என்பது என் உறுதியான எண்ணம்.

இனி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போவோம். புளோரிடா மாநிலத்தில், கென்னடி விண்வெளி மையத்தின் 39ஏ தளம். 1967 நவம்பர் 9-இல் அங்கிருந்து முதல் சாட்டர்ன் ஐந்து ராக்கெட் கிளம்பியது. 1969 ஜூலை 16-இல் நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ 11 அங்கிருந்துதான் போனது. சாட்டர்ன் காலம் முடிந்ததும் தளத்தை இடித்துவிடவில்லை. சாட்டர்னோடு நகர்ந்து வந்த கோபுரத்தின் மேற்பகுதியை வெட்டி எடுத்து, தளத்தில் நிரந்தரமாக நட்டார்கள். அதுவே, போய்த் திரும்பி வந்து மறுபடி பறக்கும் விண்வெளி ஓடத்துக்கான (ஸ்பேஸ் ஷட்டில்) கோபுரம் ஆனது. அப்பல்லோ காலத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு ஓடத்தின் வீரர்கள் ஏறினார்கள்.

ஆனால் பழைய தளத்துக்குப் புதிய ராக்கெட்டின் குணம் தெரியாது. 1981 ஏப்ரல் 12-இல் கொலம்பியா என்ற ஓடம் கிளம்பியபோது அதைத் தூக்கிவிடும் திட எரிபொருள் பூஸ்டர்கள் பற்றிய வேகத்தில் எழுந்த அதிர்வலை எதிர்பார்த்ததைவிடப் பலமாகத் திரும்பி ஓடத்தையே தாக்கியது. அடுத்த பயணத்துக்குள் பூஸ்டர்களின் தீ இறங்கும் துளைகளுக்குள் தண்ணீர் பாயும்படி செய்தார்கள். அந்தத் தளத்தின் தண்ணீர்த் தொட்டி சுமார் 11 லட்சம் லிட்டர் கொள்ளும். ஒரு நிமிடத்துக்குள் அவ்வளவும் கொட்டித் தீரும். தண்ணீரின் முக்கிய வேலை தீயை அணைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒலியின் அடியை உள்வாங்குவதற்காகத்தான் அது பாய்கிறது.

2008 மே 31-இல் இன்னொன்று நடந்தது. டிஸ்கவரி என்ற ஓடம் கிளம்பியபோது தீயும் புகையும் வெளியேறும் பள்ளத்தின் சுவரிலிருந்து சுமார் 3500 செங்கற்கள் பெயர்ந்து பறந்தன. 1960-களில் கட்டிய சுவர். வெளியே பார்த்தால் உறுதியாகத்தான் நின்றது, உள்ளே பிடிமானம் போயிருந்தது. கட்டுமானக்காரன் என்ற முறையில் இந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை. தளத்தை மறுபடி பயன்படுத்துவது என்றால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வரைபடத்தில் இருப்பதை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது.

ஓடத்தின் கடைசிப் பயணமும் அங்கிருந்துதான், 2011 ஜூலை 8. பிறகு சில வருஷம் தளம் சும்மா நின்றது. 2014-இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்தது. அந்த நிறுவனத்தின் வேறொரு தளம் 2016 செப்டம்பரில் வெடிவிபத்தில் சேதமானபோது, கைகொடுத்தது இந்தக் கிழத் தளம்தான். 2017 பிப்ரவரி 19-இல் ஃபால்கன் 9 அங்கிருந்து கிளம்பியது. 2020 மே 30-இல் மறுபடி மனிதர்கள் போனார்கள்.

எல்லாத் தளங்களுக்கும் இந்த யோகம் இல்லை. 1961-இல் விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் கிளம்பிய, கஜகஸ்தானில் இருக்கும் பைக்கனூர் தளத்திலிருந்து கடைசி ராக்கெட் 2019 செப்டம்பர் 25-இல் போனது. அதன் பிறகு அங்கே ஏவுதல் நடக்கவில்லை. பிரேசிலின் அல்காந்தராவில் 2003 ஆகஸ்ட் 22 அன்று தளத்தில் நின்ற ராக்கெட் தானே பற்றிக்கொண்டது. அருகே வேலை செய்துகொண்டிருந்த 21 பேர் இறந்தார்கள். நம் ஷாரிலும், அதாவது ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்திலும், 2004 பிப்ரவரியில் திட எரிபொருள் விபத்தில் ஆறு பேர் உயிர் போனது. அவர்களை நினைக்காமல் இந்தப் பேச்சை நான் முடிக்க மாட்டேன்.

மூன்றாவது ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 3984.86 கோடி ரூபாய், நான்கு வருஷ வேலை. அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கான தளம் அது. இப்போதிருக்கும் கனமான எல்விஎம்3 ராக்கெட்டும் அதிலிருந்து கிளம்பும்படி வடிவமைக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இன்னும் பிறக்காத ராக்கெட்டுக்கும் இப்போதே இடம் விட்டுக் கட்டுகிறார்கள். குலசேகரப்பட்டினத்துக்கு எல்லாம் போய்விடுமோ என்று நம் கடைக்காரர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். அங்கே அமையும் தளம் சிறிய ராக்கெட்டுகளுக்கானது. தெற்கு நோக்கிப் போகும்போது இலங்கையைச் சுற்றி வளைய வேண்டாம் என்பதற்காக அந்த இடம். கனமான ராக்கெட்டுகள் நம் தீவில்தான் நிற்கும்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். எஸ்எல்வி காலத்தில் கம்பி கட்டியவர்கள், காங்கிரீட் போட்டவர்கள், ஷார் பஸ் ஓட்டியவர்கள், கோபுரத்துக்கு வண்ணம் பூசியவர்கள் பலருக்கு இன்று எழுபது, எண்பது வயது. காளங்கி ஆற்றங்கரைத் தெருக்களிலும், செங்காளம்மன் கோவில் பக்கத்திலும், எல்லைக்கு அந்தப்புறம் கும்மிடிப்பூண்டி வரைக்கும் இருக்கிறார்கள். விஞ்ஞானிகள் நினைவுகளை எழுதிவிட்டார்கள், இவர்கள் எழுதவில்லை. ரகசியம் எதையும் நாம் கேட்கப்போவதில்லை. எந்த வருஷம் சேர்ந்தீர்கள், என்ன கூலி, படகில் போனீர்களா பஸ்ஸில் போனீர்களா, புயல் வந்தால் என்ன செய்தீர்கள், முதல் முறை நெருப்பைப் பார்த்தபோது எங்கே நின்றீர்கள். இவ்வளவுதான்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் இரண்டு பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தா, பாட்டி இருந்தால் பெயரும் கதவு எண்ணும் கொடுங்கள். நாங்களே வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம். தமிழில் சொன்னாலும் சரி, தெலுங்கில் சொன்னாலும் சரி, அவர்கள் சொன்னபடியே எழுதுவோம்.