விந்தணுவை முடக்கும் பற்றீரியா

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகப் பல வருடங்கள் நுணுக்குக்காட்டியின் முன் இருந்தவன் நான். பிள்ளை இல்லையென்றால் மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைப்பதும் கிளினிக் ஏறி இறங்குவதும் பெரும்பாலும் மனைவிதான். கணவனின் சுக்கில மாதிரி எங்கள் மேசைக்கு வரும்போது இரண்டு மூன்று வருடங்கள் கடந்திருக்கும். அந்தத் தாமதம் இன்றும் எனக்கு வேதனை தருகிறது.

நல்ல மாதிரியில் விந்தணுக்கள் தனித்தனியே முன்னோக்கி நீந்தும். ஈகோலை என்னும் குடல் பற்றீரியா பெருகியிருந்தால், அதன் உடலிலுள்ள நுண்மயிர்கள் விந்தணுவின் மேற்பரப்பிலுள்ள மனோஸ் என்ற வெல்லத்தைப் பற்றிக்கொள்ள, விந்தணுக்கள் கொத்தாக ஒட்டி, நகர முடியாமல் இருந்த இடத்திலேயே துடிக்கும். பாலுறவால் தொற்றும் கிளமிடியாவோ பல ஆண்களில் வலியோ சலக்கடுப்போ காட்டாமலேயே உள்ளே ஏறி, விந்தணு முதிரும் விதைமேற்றிணிவை, அதாவது விதையின் பின்புறம் சுருண்டு கிடக்கும், நீட்டினால் ஏறத்தாழ 6 மீற்றர் வரும் குழாயை, அழற்சியால் தழும்பாக்கி அடைத்துவிடக்கூடும். பாலுறவால் தொற்றும் கொனோரியாவும் இக்குழாயை அவ்வாறே அடைத்துவிடக்கூடும்.

இதைவிட நுட்பமான சேதம் நம் உடலின் பாதுகாப்பாலேயே விளைகிறது. தொற்றை அழிக்க வரும் வெண்குருதிக் கலங்கள் வெளியிடும் வீரியமிக்க ஒட்சிசன் மூலக்கூறுகள், கொழுப்பு நிறைந்த விந்தணு மென்சவ்வையும் தலைக்குள் இருக்கும் டீஎன்ஏயையும் சிதைக்கின்றன. 1 மில்லிலீற்றர் சுக்கிலத்தில் இக்கலங்கள் 10 இலட்சத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். முதிராத விந்துக் கலங்களும் பார்வைக்கு அவற்றைப் போலவே இருப்பதால், பெரொக்சிடேஸ் சாயமிட்டுப் பிரித்தறியாமல் எழுதும் அறிக்கையை நான் முழுமையாக நம்புவதில்லை.

மாதிரியில் பற்றீரியா வளர்ந்தாலே நோய் என்பதுமில்லை. கழுவாத கையிலிருந்தும் தோலிலிருந்தும் அது வரலாம். எனவே சலம் கழித்து, கையையும் உறுப்பையும் நன்கு கழுவிய பின்னரே மாதிரி எடுக்க வேண்டும். பாமசியில் தாமாகவே குளிசை வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு வருபவரின் மாதிரியில் கிருமி வளராமல் போய், காரணமே மறைந்துவிடும். கிளமிடியா உறுதியானால் வைத்தியர் எழுதும் மருந்தைக் கணவன், மனைவி இருவருமே முழுமையாக எடுக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் தொற்று மற்றவரிடம் திரும்பும்.

விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்களும், அதன்பின் முதிர இன்னும் சில நாட்களும் எடுக்கும். சிகிச்சை முடிந்த மறுவாரமே வந்து, “இன்னும் சரிவரவில்லையே ஐயா” என்று கலங்கியவர்களை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லியே அனுப்பிவைத்தேன்.