வயது வரம்பு கைடுக்குத்தான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஐம்பதுக்கு மேல் முனைவர் பட்டம்: தேவையா, வீண் ஆசையா?" தேவைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கே பொதுவாக 30 வயதோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள், அப்புறம் எதற்கு இந்த வேலை?" ஐயா, சாத்தியது பணம் தரும் கதவை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகளைப் புரட்டுங்கள். முனைவர் பட்டப் படிப்பில் சேர அதிகபட்ச வயது வரம்பே இல்லை. படித்து முடிக்கக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு கிடைக்கும். அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கினால் பகுதி நேரமாகவே படிக்கலாம். ஓய்வு பெற 3 ஆண்டுகூட மீதி இல்லாத பேராசிரியர்தான் ஆய்வு வழிகாட்டியாக, அதாவது கைடாக, புது மாணவரை எடுக்கக் கூடாது. ஆக, வயது வரம்பு கைடுக்குத்தான், மாணவருக்கு இல்லை!

இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, "சார், ஒரு தலைப்புக் கொடுங்க" என்று நிற்கும். குறை சொல்லவில்லை, அந்த வயதுக்கு அவ்வளவுதான் முடியும். முப்பது வருடம் பிரசவ வார்டில் நின்ற செவிலியர் வந்தால்? கேள்விகளோடுதான் வருவார். ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்தவள் ஏன் விடியற்காலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்? ஆட்டோ கிடைக்கவில்லையா, மாமியார் "இன்னும் நேரம் இருக்கு" என்றாரா, போன பிரசவத்தில் வார்டில் யாராவது திட்டினார்களா? அவருக்கு யாரும் தலைப்புத் தர வேண்டியதில்லை. புள்ளியியல் படுத்தும், மகளிடம் கேட்டுத்தான் கணினியில் அட்டவணை போடுவார். கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

"முடிக்கும்போது ஓய்வு வந்துவிடும், பட்டத்தை வைத்து என்ன செய்வார்?" என்றும் கேட்டார்கள். ஜெர்மனியில் இங்கபோர்க் ராப்போபோர்ட் என்றொரு குழந்தை மருத்துவர். 1938இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய் பற்றி ஆய்வேடு எழுதினார். தாயார் யூத வம்சம் என்பதால் நாஜி ஆட்சியில் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு அனுமதி இல்லை. 2015இல், 102 வயதில், அந்தத் தேர்வை எழுபத்தேழு ஆண்டு தாமதமாகச் சந்தித்தார். கண் பார்வை மங்கிவிட்டது. இத்தனை காலத்தில் டிப்தீரியா ஆராய்ச்சி எங்கே போயிருக்கிறது என்று நண்பர்கள் இணையத்தில் தேடிச் சொல்ல, கேட்டே படித்தார். பெர்லினில் அவர் வீட்டு வரவேற்பறைக்கே பேராசிரியர்கள் வந்து கேள்வி கேட்டார்கள். தேறினார்.

"அவர் தொடங்கியது இளமையில்தானே" என்பீர்கள். சரி. ஆனால் 102 வயதில் தேர்வுக்குப் படித்தாரே, எந்தப் பதவி உயர்வுக்கு? அவரைப் பார்த்து "வீண் ஆசை, பாட்டி" என்று சொல்லத் தைரியம் இருந்தால் எதிரணி அடுத்த பேச்சாளர் இதே ஒலிபெருக்கியில் சொல்லட்டும், கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.