உண்டிவில்லில் எதை வைத்து அடிப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

உண்டிவில் என்றதும் எந்த மரத்துக் கவட்டை நல்லது, எந்த ரப்பர் நன்றாக இழுக்கும் என்றுதான் எல்லாரும் பேசுவார்கள். கொய்யாக் கவட்டை, பழைய சைக்கிள் ட்யூப், கிழிந்த செருப்பிலிருந்து ஒரு துண்டுத் தோல். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். நான் பேச வந்தது தோலுக்குள் வைத்து அடிக்கிற பொருளைப் பற்றி. குறி தப்பினால் கையைத் திட்டுவோம், கவட்டையை மாற்றுவோம். குண்டை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

முதலில் எல்லாரும் குனிந்து எடுப்பது சரளைக்கல். கல்லில் இரண்டு கோளாறு. ஒன்று, எடை. ஒரு கல் மூன்று கிராம் இருக்கும், அடுத்தது எட்டு கிராம் இருக்கும். ட்யூபின் பலம் மாறாது. அதனால் முதல் கல் வேகமாகப் போய் மேலே படும், இரண்டாவது கல் மெதுவாகப் போய்க் கீழே படும். இன்னொன்று, கல்லின் மூலை முடுக்குகள். காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளும், கல் உருண்டு புரண்டு திசை மாறும். ஆற்றுக் கூழாங்கல் கொஞ்சம் தேவலை. ஆனால் ஒரே அளவில் பொறுக்கி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அப்புறம் மெக்கானிக் கடைக்குப் போவோம். தேய்ந்த பேரிங்கிலிருந்து உதிர்ந்த பால்ரஸ் குண்டு. குறி வைத்து அடிப்பவர்கள் உலகம் முழுவதும் இந்த எஃகுக் குண்டைத்தான் விரும்புகிறார்கள். 8 மி.மீ. குண்டு சுமார் இரண்டு கிராம், 9.5 மி.மீ. குண்டு சுமார் மூன்றரை கிராம். உருண்டை, வழவழப்பு, எல்லாம் ஒரே அளவு. இதைவிட நல்ல குண்டு கிடையாது. ஆனால் சுவரிலோ மரத்திலோ பட்டால் அடித்தவர் பக்கமே திரும்பி வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதைப் பையன்கள் கையில் கொடுப்பதில்லை.

கோலிக்குண்டு கண்ணாடி. சாதாரண 16 மி.மீ. கோலி ஐந்து கிராமுக்கு மேல் இருக்கும். பறப்பது அழகாகத்தான் பறக்கும். பட்ட இடத்தில் உடைந்தால் சில்லு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கடற்கரை ஊர்களில் வலையில் கட்டும் ஈயத்தை எடுத்து அடிப்பார்கள். சின்ன அளவில் நல்ல கனம், காற்றையும் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் ஈயம் விஷம். பையன்கள் கையில் தேய்த்து, சட்டைப்பையில் போட்டு, சில நேரம் வாயிலும் அடக்கிக்கொள்வார்கள். வேண்டாம்.

நட்டு ஒரு வேடிக்கையான சரக்கு. ஆறு மூலை, நடுவில் ஓட்டை. போகும்போது 'விர்ர்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே அதை அடிப்பவர்கள் உண்டு. இது புதுப் பைத்தியம் இல்லை. ஸ்காட்லாந்தில் பர்ன்ஸ்வார்க் என்ற குன்றில், சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய ரோமானியர்களின் ஈயக் கவண்குண்டுகள் கிடைத்தன. அவற்றில் சிறியவை சிலவற்றில் வேண்டுமென்றே ஒரு துளை போட்டிருக்கிறார்கள். அதே போல் செய்து சுழற்றி எறிந்து பார்த்தபோது வண்டு ரீங்கரிக்கிற மாதிரி சத்தம் வந்தது. எதிரியை மிரட்டத்தான் அந்தத் துளை என்பது ஆய்வாளர்களின் கருத்து. நம் நட்டு மிரட்டுவது பெரும்பாலும் அடிப்பவரைத்தான். அதன் மூலை தோலில் சிக்கினால் நேராகக் கவட்டையில் மோதும், சில நேரம் கட்டைவிரலில்.

இன்னொரு பக்கம், மிகவும் லேசான பொருள்கள். வேப்பங்கொட்டை, இலந்தைக்கொட்டை. லேசாக இருந்தால் வேகமாகப் போகும் என்று நினைப்போம். ஓரளவுக்குத்தான் அது சரி. ரப்பர் தானே சுருங்குகிற வேகம் ஒன்று இருக்கிறது, எவ்வளவு லேசான பொருளை வைத்தாலும் அதைத் தாண்டாது. கொட்டை எடுத்துக்கொள்ளாத பலம் ரப்பரிலேயே தங்கி, தோல் திரும்பி வந்து கையில் அறையும். ட்யூபும் சீக்கிரம் அறுந்துபோகும். காய் வகையில் தேறுவது கழற்சிக்காய்க் கொட்டை ஒன்றுதான். சாம்பல் நிறம், உருண்டை, கல் போன்ற ஓடு.

சரி, நீ எதை வைத்து அடிக்கிறாய் என்று கேட்பீர்கள். மண் உருண்டை. கிருஷ்ண ஜயந்திக்குச் சீடை உருட்டத் தெரிந்த வீட்டில் இதைச் சொல்லித்தரவே வேண்டாம். சீடை சரியாக வரவில்லை என்றால் அதையே அடிக்கலாம், எங்கள் வீட்டுச் சரக்குக்கு அந்தத் தகுதி உண்டு.

குளத்து வண்டலோ புற்றுமண்ணோ எடுத்து, காயவைத்து, சலித்துக் கல்லை நீக்குங்கள். தண்ணீரை அளவாகத் தெளித்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். அளவுக்குக் கால் டீஸ்பூன் போதும். அழுத்தி நிரப்பி, மேலே வழித்துவிட்டு, தட்டி எடுத்து உருட்டினால் எல்லா உருண்டையும் ஒரே எடையில் வரும், காய்ந்த பிறகு இரண்டு கிராமை ஒட்டி இருக்கும். உடனே வெயிலில் வைக்காதீர்கள். வெளித்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், உருண்டை வெடித்துவிடும். இரண்டு மூன்று நாள் நிழல், அப்புறம் வெயில். நெருப்பில் சுட வேண்டாம். சுட்டால் செங்கல் மாதிரி ஆகி, மண்ணுக்கு இருக்கிற நல்ல குணம் போய்விடும். பட்ட இடத்தில் பொடியாகிறதே, அதுதான் அந்த நல்ல குணம். திரும்பி வராது, வயலில் கிடந்து டிராக்டர் டயரைக் குத்தாது, ஒரு மழையில் கரைந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு கிராம் எஃகுக் குண்டு 8 மி.மீ. என்றால், இரண்டு கிராம் மண் உருண்டை 12, 13 மி.மீ. வரும். காற்று மோதுகிற பரப்பு இரண்டு மடங்குக்கு மேல். தூரம் போகப் போக வேகம் செத்துவிடும். பத்து மீட்டரில் தொங்குகிற தகர டப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மண் உருண்டையின் வயது பெரிது. கம்பன் மந்தரையைச் சொல்லுமிடத்தில், சிறுவன் இராமன் வில்லில் விட்ட உண்டை அவள் மேல் பட்டதை அவள் நினைத்துப் பார்க்கிறாள். அது நாண் கட்டிய வில். ரப்பர் பிற்காலத்தில் வந்தது, சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கெட்டிப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1844இல். இன்னும் பழங்காலத்துக்குப் போனால், கி.மு. 54இல் நெர்வியர் என்ற கூட்டத்தார் ரோமானியப் பாசறையை முற்றுகையிட்டார்கள். ஏழாம் நாள் பலத்த காற்று. களிமண் குண்டுகளை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிக் கவணில் எறிந்து, கூரைக் குடிசைகளைக் கொளுத்தினார்கள். எழுதி வைத்தவர் சீசர். தயவுசெய்து இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

களிமண்ணும் எருவும் பிசைந்து, உள்ளே விதை வைத்து உருட்டுகிற விதைப்பந்தையும் உண்டிவில்லில் விடுகிறார்கள். வேலிக்கு அப்பால், கால் வைக்க முடியாத சரிவுக்கு இது நல்ல வழி. எருவை அதிகம் சேர்த்தால் தோலிலேயே உதிர்ந்துவிடும். களிமண்ணைக் கூட்டி, நேராக அடிக்காமல் மேல்நோக்கி வளைத்து விடுங்கள்.

வயலில் மயில் வருகிறது, கிளி வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பறவையை அடிக்கக் கூடாது. மயிலுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு இருக்கிறது. வரப்பில் ஒரு தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் மேல் மண் உருண்டையால் அடியுங்கள். 'டொம்' என்ற சத்தத்துக்கே கிளிக்கூட்டம் கிளம்பிவிடும். பழகிப்போனால் திரும்பி வரும், தகரத்தை இடம் மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் உருண்டைகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறியது இழுக்கும்போதே விரலுக்குள் பிதுங்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாத யார் கையிலும் உண்டிவில்லைக் கொடுக்காதீர்கள். மண் பொடியும் கண்ணுக்கு ஆகாது.

வணக்கம்.