ரெயின் செக் என்றால் அங்கே மழையா?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அமெரிக்க கிளையன்ட்டோடு மீட்டிங். 'பால்பார்க் ஃபிகர்' சொல்லுங்கள் என்றார். புரியாமல் விழித்தேன். மீதியை வெள்ளிக்கிழமை பேசலாமா என்று கேட்டேன், 'கேன் ஐ டேக் எ ரெயின் செக்?' என்றார். அங்கே மழையா, சார்?"

மழை உண்டு தம்பி, ஆனால் பழைய மழை. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், டிக்கெட்டின் துண்டுச் சீட்டைக் காட்டி வேறொரு நாள் ஆட்டத்தை இலவசமாகப் பார்க்கலாம். 1880களிலேயே இந்த வழக்கம் வந்துவிட்டது. அந்தச் சீட்டுதான் ரெயின் செக். இங்கே 'செக்' என்றால் சரிபார்ப்பது இல்லை, சீட்டு. ஆக, அவர் சொன்னது "இப்போது வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம்" என்பதுதான். பல நேரம் அது மனம் நோகாமல் மறுப்பது. நாம் "ஒருநாள் கண்டிப்பாக வீட்டுக்கு வருகிறேன்" என்கிறோமே, அந்த மாதிரி. வேலை விஷயமென்றால் "எந்த நாள் வசதி?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். பால்பார்க் ஃபிகருக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: குத்துமதிப்பு. "சுமார் 40 நாள் ஆகும்" என்றாலே போதும். 'டச் பேஸ்' கூட அதே ஆட்டம்தான். ரன் எடுக்க ஓடுபவர், மைதானத்தில் குறித்து வைத்திருக்கும் ஒவ்வொரு இடத்தையும், அதாவது பேஸையும், தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். அலுவலகத்தில் அதற்கு, சுருக்கமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்வது என்று பொருள்.

நாம் பேஸ்பால் பார்த்து வளரவில்லை, அதனால்தான் இவை பிடிபடுவதில்லை. ஆனால் பிரிட்டிஷ்காரர்கள் கிரிக்கெட்டிலிருந்து எடுத்தவற்றிலும் நாம் தடுக்கி விழுவோம். நமக்குச் சிக்ஸர் என்றால் விசில், கைதட்டல். ஒரு பிரிட்டிஷ்காரர் 'தி நியூஸ் நாக்டு மீ ஃபார் சிக்ஸ்' என்றால், அவர் அடித்தவர் இல்லை, அடி வாங்கியவர். அந்தச் செய்தியில் ஆள் ஆடிப்போயிருக்கிறார். தயவுசெய்து வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், "என்ன ஆயிற்று?" என்று ஆறுதலாகக் கேளுங்கள்.

அப்புறம் தம்பி, விழித்ததற்காக வருந்தாதீர்கள். அடுத்த முறை 'டூ யூ மீன் எ ரஃப் எஸ்டிமேட்?' என்று அங்கேயே கேளுங்கள். அவரும் சந்தோஷமாக 'யெஸ்' என்பார், பேச்சு நிற்காது.